படிக்கட்டில் காய்ச்சிய பால்

சாங்வி, புனே
புதன்கிழமை

சரவணா,

நேத்து போன்ல நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகல. "அம்மா, ப்ளீஸ், அந்தப் படிக்கட்டு சீனை மறுபடியும் போட்டுராதே. வித்யா வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க." சொல்லிட்டுச் சிரிச்சே. நானும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்துட்டு போனை வச்சேன். வச்சிட்டு அடுப்புல இருந்த சாம்பாரை மறந்தே போயிட்டேன், அடிப்பிடிச்சு வீடு பூரா நாத்தம். கோபம்தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோபத்தைவிடப் பயம் ஜாஸ்தி. அதனாலதான் பேனாவை எடுத்தேன்.

தமிழ்ல எழுதுறதுக்கும் காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினா கண்ணால ஒரு ஓட்டு ஓட்டிட்டு "ஓகேம்மா"ன்னு முடிச்சிருவே. தமிழ்னா நீ எழுத்துக்கூட்டித்தான் படிச்சாகணும். மெதுவாப் படிக்கணும்னுதான் எனக்கும் வேணும். ரொம்பக் கஷ்டமா இருந்தா வித்யாவைப் படிக்கச் சொல்லு. கோயம்புத்தூர்ப் பொண்ணு, கடகடன்னு படிச்சிருவா. அவளும்தானே உன் புது வீட்டுல வாழப்போறா, அவளும் தெரிஞ்சுக்கட்டும். ஆனா அந்த பில்டர் ஆபீஸ் பாலா கண்ணுல மட்டும் இந்தக் கடிதம் படக்கூடாது. அவனுக்குத் தமிழ் நல்லாவே படிக்க வரும். எனக்கு அதுவே போதும் அவனைச் சந்தேகப்பட.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை காலையில வாகட்ல உன் புது ஃப்ளாட்டுக்குச் சாவி தர்றேன், பால் காய்ச்சிக்கோங்கன்னு பாலா சொல்லியிருக்கான். லிஃப்ட் இன்னும் மாட்டல. மாநகராட்சி சர்டிபிகேட் "ப்ராசஸ்ல இருக்கு". சாவியை வாங்கும்போது ஒரே ஒரு பேப்பர்ல சின்னக் கையெழுத்து, அவ்வளவுதான்னு சொல்லியிருக்கான். அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு கேட்டப்ப நீ போன்லயே ஒரு வரி வாசிச்சே. வீட்டை எல்லா விதத்திலும் திருப்தியாக ஏற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு. சரவணா, அந்தக் கையெழுத்தைப் போடாதே. உன் மாமனார் குறிச்ச முகூர்த்தமா இருக்கட்டும், ஊரே வந்து நிக்கட்டும், போடாதே. இனி எழுதப்போறதெல்லாம் ஏன்னு சொல்றதுக்குத்தான்.

எங்க கதையை உனக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் அதை எடுத்து விடுவார். "இவ அன்னைக்கு பில்டர்கிட்ட சண்டை போட்டு, படிக்கட்டுல உக்காந்து பால் காய்ச்சினா பாருங்க!" எல்லாரும் சிரிப்பாங்க. வித்யாகிட்டயும் சொல்லியாச்சு, அந்தப் பொண்ணும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. ஏன் சண்டை போட்டேன்னு அவர் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதே இல்லை. நானும் சிரிச்சுட்டு உள்ளே போயிருவேன். வெக்கமா இருக்கும், வேற என்ன.

அப்ப நாம பிம்ப்ரியில ஒத்தை ரூம்ல வாடகைக்கு இருந்தோம். நீ ரெண்டாங்கிளாஸ். அப்பா லோஹேகாவ் விமானப்படை முகாம்ல சிவிலியன் கிளார்க், நான் பிம்ப்ரியில ஒரு கம்பெனி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். பொங்கலுக்குத் தமிழாளுங்க எல்லாம் ஒரு ஹால்ல கூடுவோமே, அங்கேதான் ராஜாமணி வந்து சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி. "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"ன்னு அப்பாகிட்ட ஆரம்பிச்சான். பாளையங்கோட்டைன்னு சொன்னதும், "அட, நமக்கு மேலப்பாளையம் பக்கம்லா!"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். அவ்வளவுதான், உங்க அப்பா உருகிட்டார். நாள் பூரா இந்தி, மராத்தி, இங்கிலீஷ்னு நாக்கைத் திருப்பித் திருப்பிப் பேசுற மனுஷன். யாராவது "ஏ அண்ணாச்சி"ன்னுட்டா சட்டையைக் கழட்டிக் கொடுத்துருவார். ராஜாமணி சாங்வியில வீடு கட்டுற பில்டர்கிட்ட ஃப்ளாட் வித்துக் கொடுக்கிற வேலையில இருந்தான். அவன் பேச்சை நம்பி அங்கே ஒண்ணு புக் பண்ணிட்டோம்.

அப்பாவை மட்டும் சொல்லிட்டுப் போகமாட்டேன். காய் விக்கிற பாஜிக்காரன் தராசுல தட்டு நிக்கிற வரைக்கும் முறைச்சுப் பாக்குறவ நான். பால்காரன் ஊத்துறப்ப நுரை அடங்கட்டும்னு நிப்பேன். அப்படிப்பட்ட நான், அவன் "அக்கா"ன்னு கூப்பிட்டதுல விழுந்துட்டேன். எதிர் ஃப்ளாட் புக் பண்ணின சுனந்தா ஒருநாள் ரூமைத் தேடிக்கிட்டு வந்து, "வஹினி, உங்க அக்ரிமெண்ட்டைக் காட்டுங்க, எங்களுதும் உங்களுதும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்கணும்"னு கேட்டா. நல்ல மனுஷி, ஸ்கூல் டீச்சர். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவ எதுக்கு நம்ம பேப்பரை நோண்டுறா, நமக்குக் கம்மி விலைக்குக் கிடைச்சிருக்குன்னு மோப்பம் பிடிக்க வந்திருக்கான்னு. பீரோ சாவி அவர்கிட்ட இருக்குன்னு பொய் சொல்லி, டீயைக் கொடுத்து அனுப்பிட்டேன். சந்தேகப்பட வேண்டியவனை நம்பினேன், நம்ப வேண்டியவளைச் சந்தேகப்பட்டேன். பாஷை செஞ்ச வேலை. உன் பாலா உன்னை "மச்சான்"னு கூப்பிடுறானாமே, அதைக் கேட்டதும் எனக்கு ராஜாமணிதான் ஞாபகம் வந்தான்.

லோன் கிடைச்சப்ப அப்பாவுக்குத் தலைகால் புரியல. "பேங்க் வக்கீலே பார்த்து ஓகே பண்ணிட்டாரு, இனி நமக்கு என்னளா கவலை?"ன்னார். நான் கையெழுத்துப் போடப் போனப்ப அந்த வக்கீலையே கேட்டேன், "சார், நீங்க எங்களுக்கும் சேர்த்துத்தானே பார்த்தீங்க?" அவர் நல்லவர், உண்மையைச் சொன்னார். "மேடம், நான் பேங்க்கோட வக்கீல். பேங்க் பணம் முங்காம இருக்கான்னுதான் பார்ப்பேன்." உன் விஷயத்துலயும் நீ அதையேதான் சொல்றே, இது "அப்ரூவ்ட் ப்ராஜெக்ட்", பெரிய பெரிய பேங்க்கெல்லாம் லோன் தர்றாங்கன்னு. தரட்டும். அவங்களுக்கு உன் சம்பளம் இருக்கு, வீடும் அடமானமா இருக்கு. தண்ணி வரலைன்னா குடத்தைத் தூக்குறது பேங்க் மேனேஜர் இல்லை.

வைகாசியில முகூர்த்தம் குறிச்சாச்சு. பாளையங்கோட்டையிலேர்ந்து அத்தையும் மாமாவும் பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, வெத்தலைக்கட்டோட ரயிலேறி வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை காலை, கட்டடத்துக்குக் கீழே அந்தத் தகரக் கொட்டகை ஆபீஸ்ல சாவி தர்றாங்கன்னு போனோம். சுத்தி நம்மளை மாதிரியே இன்னும் பல குடும்பம், எல்லார் கையிலும் மாவிலை, தேங்காய், கலசம். நல்ல நாள் பார்த்து எல்லாரையும் ஒரே காலையில வரவச்சிருந்தான் அந்த பில்டர். ராஜாமணி பேப்பரை நீட்டினான். "இங்க அண்ணாச்சி, இங்க அக்கா." லோன்ல என் சம்பளமும் சேர்ந்திருந்ததால என் கையெழுத்தும் வேணும். அப்பா போட்டுட்டார். நான் படிச்சேன்.

எங்க ஆபீஸ்ல ஆளை வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்புறப்ப ஒரு கடிதம் அடிப்போம். எல்லாம் பெற்றுக்கொண்டேன், முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு. அதை நானே எத்தனையோ பேருக்கு அடிச்சிருக்கேன். படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு, ரெண்டு மாசம் கழிச்சு வந்து கம்பெனி வாசல்ல நின்னு அழுத ஆளுங்களைப் பார்த்திருக்கேன். அதே வாசகம், சரவணா. வீட்டுச் சாவிக்கு அடியில அதே வாசகம்.

"தம்பி, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எங்க?"ன்னு கேட்டேன். பிளான்ல போட்ட மாதிரிதான் கட்டியிருக்கான், ஆள் குடியேறலாம்னு மாநகராட்சி பார்த்துட்டுக் கொடுக்கிற தாள் அது. அந்தத் தாளைப் பத்தி முதல்ல என்கிட்டச் சொன்னதே அன்னைக்கு டீ குடிச்சிட்டுப் போன சுனந்தாதான். "வரும்க்கா. ஆபீஸ்ல கெடக்கு. நீங்க பூஜையை முடிங்க"ன்னான். வந்தப்புறம் போடுறேன்னேன். அவன் வாட்சைப் பார்த்தான். "அக்கா, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிரும்லா, யோசிச்சுப் பாருங்க." எங்க மதினிக்கே, அதான் உன் அத்தைக்கே, அதுவரைக்கும் ராகுகாலம் ஞாபகம் வரல. வீடு விக்க வந்தவனுக்கு என் முகூர்த்தத்து மேல என்ன இவ்வளவு அக்கறை? அந்த நிமிஷம்தான் எனக்குக் கண்ணு திறந்துச்சு. முகூர்த்தம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் நாம நிதானமா எதையும் படிக்க மாட்டோம்னு அவனுக்குத் தெரியும். நம்ம ஆளாச்சே, தெரியாம இருக்குமா?

"ஏளா, என்னத்துக்கு இப்ப ரகளை பண்ணுத? எல்லாரும் பாக்காவ. கையெழுத்தைப் போட்டுட்டு வா"ன்னு அப்பா பல்லைக் கடிச்சார். மாட்டேன்னேன். "சாவி இல்லாம எங்களா பால் காய்ச்சுவ?"ன்னார். எங்கேயிருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ, அந்தப் பேப்பரை இடுப்புல செருகிக்கிட்டு, பம்ப் ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு மாடி ஏறிட்டேன். பூட்டின கதவுக்கு முன்னாடி, படிக்கட்டு முடியுற இடத்துல ஸ்டவ்வை வச்சுப் பத்தவச்சேன். மதினி மூச்சு வாங்க ஏறி வந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வீட்டுக்கு வெளிய பாலைப் பொங்கவிட்டா குடும்பமும் வெளியவேதான் நிக்கும், பாத்துக்க"ன்னாங்க. பால் பொங்கி, படிப்படியா வழிஞ்சு கீழே ஓடுச்சு. கீழேயிருந்து ஏறி வந்த குடும்பங்கள் எல்லாம் காலைத் தூக்கிக்கிட்டு நின்னு வேடிக்கை பார்த்தாங்க. நான் அழுதுக்கிட்டேதான் சர்க்கரை போட்டேன். அதை அப்பா கதையில சொல்ல மாட்டார்.

சுனந்தா அந்தக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தா. "காய் ஜாலா, வஹினி?", என்ன ஆச்சு அண்ணின்னு கேட்டா. நான் அந்தப் பேப்பரை அவ கையில கொடுத்தேன். மடியில இருந்த அக்ரிமெண்ட்டையும் சேர்த்தே கொடுத்தேன். அவ படிக்கட்டிலேயே நின்னுக்கிட்டு, கிளாஸ்ல பாடம் நடத்துற குரல்ல, பேப்பரை ஒவ்வொரு வரியா மராத்தியில எல்லாருக்கும் சொன்னா. சிரிச்சுக்கிட்டிருந்தவங்க முகமெல்லாம் மாறுச்சு. பாதிப் பேர் அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டாங்க. மீதிப் பேர் தேங்காயைக் கையில வச்சுக்கிட்டே திரும்பிக் கீழே இறங்கினாங்க. ராஜாமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுல "அக்கா" இல்லை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் சுனந்தாவுக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் விளக்கினார். மகாராஷ்டிராவுல ஃப்ளாட் வாங்குறவங்களுக்குன்னே பழைய சட்டம் ஒண்ணு இருக்கு. அந்தச் சர்டிபிகேட் வராம பில்டர் யாரையும் குடியேத்தக் கூடாது. நாமும் குடியேறக் கூடாது, இதையும் கேட்டுக்கோ. அக்ரிமெண்ட்டைப் பதிவு பண்ணாம பெரிய தொகை எதையும் அவன் வாங்கக் கூடாது. பதிவானதுக்கு அப்புறம் உன்னைக் கேக்காம அந்த நிலத்தை, கட்டடத்தை வேற எங்கேயும் அடமானம் வைக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து சொசைட்டி ஆனதும் நிலத்தை அந்த சொசைட்டி பேருக்கு எழுதிக் கொடுக்கணும். நம்ம ஊர்ல மாதிரி தனித்தனியாப் பத்திரத்தைப் பீரோவுல பூட்டிக்கிட்டு, அவனவன் பாடு அவனவனுக்குன்னு இங்கே இருக்க முடியாது. எதிர்வீட்டுக்காரியோட பேசாம உனக்கு இங்கே நிலமே கிடையாது. இதெல்லாம் எவ்வளவோ காலமா புத்தகத்துல இருக்கு. எந்த பில்டராவது, எந்த பேங்க்காவது உன்னை உக்காரவச்சு இதைச் சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. கேட்டாத்தான்.

கையெழுத்துப் போடாதவங்க எல்லாரும் சேர்ந்து பேங்க்குக்குப் போனோம். பில்டருக்குப் போக வேண்டிய கடைசித் தவணை, குடியேறினோம்னு நாம எழுதிக் கொடுத்தாத்தான் போகும். அதை விடாதீங்க, சர்டிபிகேட் வரட்டும்னு எழுதிக் கொடுத்தோம். அந்த ஆபீசர் சலிச்சுக்கிட்டார், ஆனா வாங்கிக்கிட்டார். எங்களுக்கு இருந்த பிடியே அது ஒண்ணுதான். முகூர்த்தத்துக்காக அதைத்தான் நாங்க கொடுத்துத் தொலைச்சிருப்போம். உன்கிட்டயும் இப்ப மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், சரவணா.

அந்த மழைக்காலத்தை நான் இன்னும் மறக்கல. ஒரு பக்கம் ரூம் வாடகை, ஒரு பக்கம் பேங்க் வட்டி. அப்பா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல, சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிப்பார். கூரை ஒழுகுற இடத்துல பக்கெட் வைக்கும்போதெல்லாம் மதினி சொன்னது ஞாபகம் வரும். என் பிடிவாதத்தால பிள்ளையைத் தெருவுல நிறுத்திருவேனோன்னு பயந்தேன். அந்தச் சமயத்துல கையெழுத்துப் போட்டுக் குடியேறினவங்க அங்கே டேங்கர் தண்ணிக்குச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. பில்டர்கிட்ட போனா அந்தப் பேப்பரைத்தான் காட்டுவானாம், நீங்கதான் திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களேன்னு. சர்டிபிகேட் ஏன் வரலைன்னு மாநகராட்சியில போய்க் கேட்டதுல தெரிஞ்சுது. கீழே வண்டி நிறுத்த விட்டிருந்த இடத்தைச் சுவர் வச்சு அடைச்சுக் கடையாக்கி விக்கப் பார்த்திருக்கான். பிளான்ல கடையே கிடையாது. எங்க தவணையும் வராது, மாநகராட்சியும் விடாதுன்னு ஆனப்புறம் தீபாவளி முடிஞ்சு அந்தச் சுவரை அவனே இடிச்சான். சர்டிபிகேட் வந்துச்சு, குழாய்ல தண்ணி வந்துச்சு. டேங்கருக்கு நின்னவங்களுக்கும் சேர்த்துத்தான். நீ சைக்கிள் கத்துக்கிட்டு முட்டியைப் பேத்துக்கிட்ட இடம் இருக்கே, அதுதான் அந்தச் சுவர் இருந்த இடம்.

நாம குடியேறினது ஒரு செவ்வாய்க்கிழமை. முகூர்த்தம் இல்லை, அத்தை இல்லை, டெம்போவுல சாமானைப் போட்டுக்கிட்டு வந்து இறங்கினோம். குடும்பம் வெளியே நிக்கல. ராஜாமணி அதுக்குள்ள வேற பில்டர்கிட்ட போயிட்டான், அங்கேயும் யாருக்கோ தம்பியாகியிருப்பான்.

உன் பாலா நல்ல பையனாவே இருக்கலாம். என் சந்தேகம் தப்பாவே இருக்கட்டும், நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவன் நல்லவன்னா ஒண்ணு கேளு. சர்டிபிகேட் கையில வந்தப்புறம் அதே பேப்பர்ல போடுறேன், இப்ப பூஜைக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுன்னு சொல்லிப் பாரு. திறந்தான்னா என் சந்தேகம் தப்பு. வாட்சைப் பார்த்தான்னா பேனாவைத் தொடாதே. பக்கத்து ஃப்ளாட் வாங்கினவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி போய் அவங்க கதவைத் தட்டு. எந்த பாஷைன்னாலும் பரவாயில்லை, உன் பேப்பரை அவங்களுக்குக் காட்டு. என்னை மாதிரி பீரோ சாவி இல்லைன்னு சொல்லாதே.

வித்யா அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு நீ முழிப்பே. அவர் குறிச்ச முகூர்த்தத்தை நான் தள்ளச் சொல்லல. அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம், பால் பொங்கட்டும். சாவி இல்லைன்னா கதவுக்கு வெளியே பொங்கட்டும். எங்க வீட்டுல முதல் பாலைப் படிக்கட்டுலதான் காய்ச்சுவோம், அது எங்க வழக்கம்னு சொல்லிரு. பொய் இல்லையே. ஒரு தடவை செஞ்சிருக்கோம்.

இந்தக் கடிதத்தை அப்பாகிட்டதான் கொடுத்தனுப்பப் போறேன். இதுவரைக்கும் எழுதினதை இப்பதான் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். சிரிப்பார், இல்ல கத்துவார்னு நினைச்சேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண்ல இருந்து அந்தப் பழைய பம்ப் ஸ்டவ்வை இறக்கினார். வாசல்ல உக்காந்து துணியால துடைச்சார். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு, "வாஷர் போயிருக்குளா, வாங்கிட்டு வந்துருதேன், வெள்ளிக்கிழமைக்கு வேணும்லா"ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிருக்கார்.

அம்மா